மண்ணுக்கடியில் மாநகரைக் காத்தவர்: சர் ஜோசப் பாசல்ஜெட்



அரசர்களின் வரலாற்றையும் போர்வீரர்களின் வரலாற்றையும் நாம் பாடநூல்களில் படிக்கின்றோம். அவர்கள் எழுப்பிய கோட்டைகளும் கோபுரங்களும் கண்ணுக்குத் தெரிவன. ஆனால், கண்ணுக்குத் தெரியாத இடத்தில், மண்ணுக்கு அடியில், தம் வாழ்நாட் பணியைச் செய்து மக்களின் உயிரைக் காத்த பெரியோரும் உளர். அத்தகையோருள் ஒருவர் சர் ஜோசப் பாசல்ஜெட். இங்கிலாந்தின் தலைநகராகிய இலண்டனில் கழிவுநீர்க் கால்வாய்களை அமைத்து, 33 ஆண்டுகள் அம்மாநகரின் தலைமைப் பொறியாளராகப் பணியாற்றியவர் அவர்.

சாக்கடையைப் பற்றிப் பள்ளி மலரில் எழுதலாமா என்று சிலர் எண்ணக்கூடும். வீட்டின் தூய்மை சமையலறையில் தொடங்கிச் சாக்கடையில்தான் முடிகின்றது. ஆகவே, அதைப் பற்றி அறிந்துகொள்வதில் இழிவு ஏதும் இல்லை.

இளமைப் பருவம்

ஜோசப் பாசல்ஜெட் 1819ஆம் ஆண்டு மார்ச் 28ஆம் நாள் இலண்டனுக்கு அருகிலுள்ள என்ஃபீல்டு என்னும் ஊரில் பிறந்தார். அவருடைய தந்தையார் கடற்படை அதிகாரி. முன்னோர் பிரான்சு நாட்டிலிருந்து வந்து குடியேறியவர்கள். பாசல்ஜெட் மெலிந்த உடலினர். ஆயினும் உழைப்பில் சளைக்காதவர்.

இளமையிலேயே அவர் ஜான் மக்னீல் என்னும் புகழ்பெற்ற பொறியாளரிடம் தொழில் பயின்றார். அயர்லாந்தில் சதுப்பு நிலங்களிலிருந்து நீரை வடித்து, அவற்றை விளைநிலமாக்கும் வேலையில் ஈடுபட்டார். நிலம் எவ்வளவு சரிந்தால் நீர் எவ்வளவு விரைவாக ஓடும் என்னும் கணக்கை அங்கேதான் கற்றார். பிற்காலத்தில் அவருக்குப் பெரிதும் கைகொடுத்தது இக்கணக்கே.

1842ஆம் ஆண்டில் அவர் இலண்டனில் சொந்தமாக அலுவலகம் அமைத்தார். இருப்புப்பாதைகள் நாடெங்கும் விரைந்து பெருகிய காலம் அது. அளவுக்கு மீறி உழைத்த அவர், 1847ஆம் ஆண்டில் உடல்நலமும் மனநலமும் குன்றி ஓய்வு பெற நேர்ந்தது. நலமடைந்து திரும்பிய பின்னர், 1849இல் இலண்டன் கழிவுநீர் ஆணையத்தில் உதவி நில அளவையாளராகச் சேர்ந்தார். 1852இல் அதன் பொறியாளராக உயர்ந்தார்.

மாநகரின் அவலம்

1801ஆம் ஆண்டில் இலண்டனில் ஏறத்தாழ 10 இலட்சம் மக்கள் வாழ்ந்தனர். 1851இல் அத்தொகை 23 இலட்சத்தைத் தாண்டிவிட்டது. தொடக்கத்தில் வீடுகளின் கழிவு குழிகளில் தங்கியது. அதைத் தொழிலாளர்கள் இரவில் அள்ளிச் சென்று உழவர்களுக்கு உரமாக விற்றனர். பின்னர், நீர் ஊற்றிக் கழுவும் கழிப்பறைகள் பரவின. குழிகள் நிரம்பி வழிந்தன. 1815ஆம் ஆண்டுக்குப் பின் வீட்டுக் கழிவைத் தெருக் கால்வாயில் விட அனுமதி கிடைத்தது. 1840களின் இறுதியில் குழிகளை மூடிவிட்டுக் கால்வாயிலேயே விடவேண்டும் என்று கட்டளையும் பிறந்தது. அக்கால்வாய்கள் அனைத்தும் தேம்ஸ் ஆற்றில் சென்று விழுந்தன.

இதில் உள்ள கேட்டைச் சற்று எண்ணிப் பாருங்கள். ஒவ்வொருவரும் தத்தம் வாசலைத் துப்புரவாக்கிக்கொண்டு, அழுக்கை ஊருக்குப் பொதுவான ஆற்றில் தள்ளினர். அந்த ஆற்று நீரையே பலர் மறுநாள் குடித்தனர்.

அதன் விளைவு கொடியது. காலரா என்னும் வாந்திபேதி 1848, 1849ஆம் ஆண்டுகளில் 14,000க்கும் மேற்பட்ட இலண்டன் மக்களைக் கொன்றது. 1853, 1854ஆம் ஆண்டுகளில் 10,000க்கும் மேற்பட்டோர் மாண்டனர். கெட்ட காற்றை முகர்வதால்தான் இந்நோய் வருகின்றது என்று அக்கால மருத்துவர்களுள் பெரும்பாலோர் நம்பினர். ஜான் ஸ்னோ என்னும் மருத்துவர் மட்டும் நோய் குடிநீரில் இருக்கின்றது என்றார். 1854இல் பிராடு தெருவில் இறந்தவர்களின் இருப்பிடங்களை ஆராய்ந்து, ஒரே ஒரு தண்ணீர்க் குழாயைச் சுற்றியே இறப்புகள் மிகுந்திருப்பதைக் காட்டினார். அக்குழாயின் கைப்பிடி கழற்றப்பட்டது. ஆயினும், அவருடைய கருத்தைப் பலர் ஏற்கவில்லை. பாசல்ஜெட்டும் கெட்ட காற்றே காரணம் என்று நம்பியவர்தாம்.

நாற்றம் பிறப்பித்த சட்டம்

1856ஆம் ஆண்டில் மாநகரப் பணி வாரியம் தோன்றியது. பாசல்ஜெட் அதன் தலைமைப் பொறியாளராக நியமிக்கப்பட்டார். ஆற்றுக்கு இணையாக நிலத்தடியில் பெருங்கால்வாய்களை அமைத்து, ஆற்றை நோக்கி வரும் கழிவை இடைமறித்து, நகருக்குக் கிழக்கே கொண்டுசெல்ல அவர் திட்டம் தீட்டினார். கழிவு ஆற்றில் கலக்கும் இடம் மாநகர எல்லைக்குள் உள்ளது என்று கூறி, அரசு அத்திட்டத்தைத் திருப்பி அனுப்பியது. இடம், செலவு ஆகியவற்றைப் பற்றிய வாதம் இரண்டு ஆண்டுகள் நீண்டது.

1858ஆம் ஆண்டு ஜூன் மாதத்தில் கடுங்கோடை வந்தது. தேம்ஸ் ஆறு வற்றி, வெயிலில் கழிவு அழுகி, தாங்கொணா நாற்றம் எழுந்தது. நாடாளுமன்றம் ஆற்றின் கரையிலேயே இருந்தது. சுண்ணாம்புக் குளோரைடில் நனைத்த திரைச்சீலைகளைச் சன்னல்களில் தொங்கவிட்டும் பயன் இல்லை. ஏழைகள் ஆயிரக்கணக்கில் இறந்தபோது விரைந்து எழாத சட்டம், ஆள்வோரின் மூக்கை நாற்றம் எட்டியபோது 18 நாள்களில் நிறைவேறியது. 30 இலட்சம் பவுன் திரட்டும் அதிகாரத்துடன் பாசல்ஜெட்டுக்கு வழி பிறந்தது. உண்மையைக் கண்டு சொன்ன மருத்துவர் ஸ்னோ, தம் கருத்து வெற்றி பெறுவதைக் காணாமலே அதே ஜூன் மாதத்தில் காலமானார்.

மாபெரும் பணி

1859ஆம் ஆண்டில் வேலை தொடங்கியது. 82 மைல் நீளமுள்ள பெருங்கால்வாய்களும், அவற்றோடு இணையும் ஏறத்தாழ 1,100 மைல் தெருக் கால்வாய்களும் அமைந்தன. 31 கோடியே 80 இலட்சம் செங்கற்கள் பயன்பட்டன. மண்வெட்டியும் கூடையும் கொண்டு ஆயிரக்கணக்கான தொழிலாளர்கள் பூமியைத் தோண்டினர். அவர்களுடைய பெயர்கள் எந்தக் கல்வெட்டிலும் இல்லை.

கழிவுநீர் பெரும்பாலும் தன் எடையாலேயே ஓடும்படி, மைலுக்கு ஏறத்தாழ 2 அடி சரிவு கொடுக்கப்பட்டது. பல கால்வாய்கள் கூர்முனையைக் கீழே வைத்த முட்டையின் வடிவில் கட்டப்பட்டன. நீர் குறைவாக இருக்கும்போதும் அது குறுகிய அடியில் விரைந்து ஓடி, கசடு தங்காமல் அடித்துச் செல்லும் என்பதே இதன் காரணம். தாழ்ந்த பகுதிகளில் நீராவி இயந்திரங்கள் கழிவுநீரை மேலே ஏற்றின. ஆபி மில்ஸ் நிலையத்தில் அது 36 அடி உயரத்திற்கு ஏற்றப்பட்டது. ஆற்றின் வடபுறத்துக் கழிவு பெக்டனையும், தென்புறத்துக் கழிவு கிராஸ்னஸையும் அடைந்தது. அங்கே தேக்கி வைக்கப்பட்டு, கடல் வற்றும் நேரத்தில் மட்டும் திறந்து விடப்பட்டது. ஏற்ற நேரத்தில் விட்டால் அது மீண்டும் நகருக்கே திரும்பி வந்துவிடும் அன்றோ?

மண்ணுக்குள் மறையும் வேலையில் ஏமாற்றுவது எளிது. இதை நன்கு அறிந்த பாசல்ஜெட், நீருக்குள் இருக்கும்போதே இறுகி வலுப்பெறும் போர்ட்லண்டு சிமெண்டைத் தேர்ந்தெடுத்தார். அது சரியாகத் தயாரிக்கப்படாவிட்டால் கட்டடம் கெடும். ஆகவே, வந்திறங்கிய சிமெண்டைச் சோதித்த பின்னரே பயன்படுத்த வேண்டும் என்று விதித்தார். ஒன்றரை நூற்றாண்டு கடந்தும் அவருடைய கால்வாய்கள் இன்றும் பயன்படுவதற்கு இந்தக் கண்டிப்பே முதற்காரணம்.

விடுபட்ட பகுதி

1865ஆம் ஆண்டு ஏப்ரல் மாதத்தில் கிராஸ்னஸ் நிலையத்தை இளவரசர் எட்வர்டு திறந்துவைத்தார். நகரின் பெரும்பகுதி புதிய கால்வாய்களோடு இணைந்துவிட்டது. ஏழை மக்கள் நெருங்கி வாழ்ந்த கிழக்குப் பகுதியில் மட்டும் வேலை முடியவில்லை. அவ்விடத்துக் கழிவை ஏற்றவேண்டிய ஆபி மில்ஸ் நிலையம் அப்போது கட்டப்பட்டுக்கொண்டிருந்தது.

1866ஆம் ஆண்டில் காலரா மீண்டும் வந்தது. கிழக்குப் பகுதியில் 5,500க்கும் மேற்பட்டோர் இறந்தனர். மாசுபட்ட நீர் வீடுகளுக்கு வழங்கப்பட்டதே காரணம் என்பது ஆராய்ச்சியில் வெளிப்பட்டது. கெட்ட காற்றையே முன்பு நம்பிய புள்ளியியல் அறிஞர் வில்லியம் ஃபார், இந்த இறப்புக் கணக்கை ஆராய்ந்து, மருத்துவர் ஸ்னோ கூறியதே உண்மை என்று உணர்ந்தார்.

1868இல் ஆபி மில்ஸ் இயங்கத் தொடங்கியது. அதன் பின்னர் இலண்டனில் காலரா பெருவாரியாகப் பரவவே இல்லை. 1892ஆம் ஆண்டில் ஜெர்மனியின் ஹாம்பர்க் நகரில் 8,000க்கும் மேற்பட்டோரை அந்நோய் கொன்றபோதும் இலண்டன் தப்பியது. காற்றைத் தூய்மையாக்க எண்ணிக் கட்டிய கால்வாய், குடிநீரைத் தூய்மையாக்கி உயிர்களைக் காத்தது. ஆனால், ஊரின் கடைசி வீடு வரை எட்டாத கால்வாய், முடிந்த கால்வாய் ஆகாது என்பதை 1866ஆம் ஆண்டு கற்பித்தது.

ஆற்றங்கரைகள்

ஆற்றோரச் சேற்றைத் தூர்த்துக் கற்கரைகள் எழுப்பிய பெருமையும் பாசல்ஜெட்டைச் சாரும். 1870இல் திறக்கப்பட்ட விக்டோரியா ஆற்றங்கரையில் மேலே அகன்ற சாலையும், கீழே கழிவுநீர்க் கால்வாயும் நிலத்தடி இரயில் பாதையும் அமைந்தன. அரசு அவருக்குச் சர் பட்டம் வழங்கிச் சிறப்பித்தது. 1884இல் பொறியாளர் கழகத்தின் தலைவராகவும் விளங்கினார்.

அடுத்தவர் வாசல்

பாசல்ஜெட்டின் திட்டத்திலும் ஒரு குறை இருந்தது. கழிவு நகரை விட்டுப் போயிற்று, ஆனால், தூய்மையாக்கப்படவில்லை. ஆற்றின் கீழ்ப்புறத்தில் வாழ்ந்த மக்கள் முறையிட்டனர்.

1878ஆம் ஆண்டு செப்டம்பர் 3ஆம் நாள், பிரின்சஸ் ஆலிஸ் என்னும் உல்லாசப் பயணக் கப்பல் அவ்விடத்தில் மற்றொரு கப்பலோடு மோதி மூழ்கியது. 600க்கும் மேற்பட்டோர் மாண்டனர். அதற்குச் சற்று முன்னர்தான் கழிவுநீர் ஆற்றில் திறந்துவிடப்பட்டிருந்தது. அந்த நச்சு நீரில் விழுந்ததால் இறப்பு மிகுந்தது என்று பலரும் கூறினர். அரசு விசாரணைக் குழு அமைத்தது. கழிவை அப்படியே ஆற்றில் விடுதல் கூடாது என்ற முடிவு 1884இல் வெளிவந்தது.

அதன்படி, பெக்டனில் கழிவுநீரில் சுண்ணாம்பும் இரும்பு உப்பும் கலந்து, கசட்டைத் தொட்டியின் அடியில் படியச் செய்து, தெளிந்த நீரை மட்டும் ஆற்றில் விடும் நிலையம் அமைந்தது. தம் முதுமையில் பாசல்ஜெட்டே இப்பணியையும் மேற்கொண்டார். படிந்த கசடு 1887 முதல் கப்பலில் ஏற்றிக் கடலில் கொட்டப்பட்டது. அவ்வேலைக்கு வந்த முதற் கப்பலுக்குப் பாசல்ஜெட் என்றே பெயரிட்டனர்.

கடலில் கொட்டும் வழக்கம் 1998இல் நின்றது. கழிவுநீரில் காற்றைச் செலுத்தி, நுண்ணுயிர்களைக் கொண்டே அழுக்கைத் தின்னச் செய்யும் முறை இருபதாம் நூற்றாண்டில் வளர்ந்தது. பெருமழையின்போது பழைய கால்வாய்கள் நிரம்பி ஆற்றில் வழிவதைத் தடுக்க, 25 கிலோமீட்டர் நீளமுள்ள புதிய சுரங்கக் கால்வாய் 2025இல் முழுமையாக இயங்கத் தொடங்கியது. பாசல்ஜெட் தொடங்கிய பணியைப் பின்வந்தோர் இன்றும் தொடர்கின்றனர்.

மறைவு

1889ஆம் ஆண்டில் வாரியம் கலைக்கப்பட்டபோது பாசல்ஜெட் ஓய்வு பெற்றார். 1891ஆம் ஆண்டு மார்ச் 15ஆம் நாள், தம் 71ஆம் வயதில் விம்பிள்டனில் இயற்கை எய்தினார். தாம் அமைத்த விக்டோரியா ஆற்றங்கரையில் அவருக்குச் சிலை உண்டு.

மாணவச் செல்வங்களே! வீட்டு அழுக்கைத் தெருவிலும், தெரு அழுக்கை ஆற்றிலும் தள்ளிவிட்டால் அது மறைந்துவிடுவதில்லை. மற்றொருவர் வாசலில் போய் நிற்கின்றது. இதை அறிந்துகொள்ள இலண்டன் மாநகரம் பல்லாயிரம் உயிர்களை விலையாகக் கொடுத்தது. உங்கள் வீட்டுக் கால்வாயில் குப்பை போடாதீர்கள். கால்வாயில் இறங்கி உழைக்கும் தொழிலாளியைக் கண்டால் மூக்கைப் பிடித்துக்கொண்டு விலகாமல், வணக்கம் கூறுங்கள். நம் பிள்ளைகள் நோயின்றிப் பள்ளிக்கு வருவதில் அவருடைய உழைப்பும் கலந்திருக்கின்றது.