முன்சீப் வேதநாயகம் பிள்ளை

வயல் வரப்பில் ஒரு தகராறு. எல்லையைத் தள்ளிப்போட்டுத் தம் நிலத்தைப் பக்கத்துக்காரர் எடுத்துக்கொண்டார் என்று ஒரு குடியானவர் நியாயம் கேட்டு நீதிமன்றத்திற்கு வருகிறார். ஏறத்தாழ 150 ஆண்டுகளுக்கு முன்பு, தமிழ்நாட்டில் அப்படி வந்தவரின் நிலையை நினைத்துப் பாருங்கள். அவருக்கு எழுதப் படிக்கத் தெரியாது. மனு எழுதித் தருபவர் காசு கேட்பார். மனுவை உள்ளே கொண்டு போகிறவரும் கையை நீட்டுவார். எதிராளி பணம் கொடுத்துப் பொய்ச் சாட்சிகளைக் கொண்டு வந்து நிறுத்துவார். வழக்கறிஞர்கள் ஆங்கிலத்தில் வாதாடினால், தம் நிலத்தைப் பற்றித்தான் பேசுகிறார்கள் என்பதுகூட அவருக்குப் புரியாது. இத்தனையையும் தாண்டி வந்த பிறகு, தீர்ப்புச் சொல்பவரும் விலை போய்விட்டால் அந்த ஏழை எங்கே போவார்?

அப்படிப்பட்ட ஒரு நீதிமன்றத்தில் நீதிபதியாக அமர்ந்தவர் மாயூரம் வேதநாயகம் பிள்ளை. தமிழின் முதல் நாவலை எழுதியவர் என்று அவரை நாம் அறிவோம். ஆனால், நாவலை எழுதும் முன்பே அவர் செய்த ஒரு காரியம் உண்டு. பலர் வளைந்துபோன இடத்தில் அவர் வளையாமல் இருந்தார்.

வேதநாயகம் பிள்ளை 1826 ஆம் ஆண்டு அக்டோபர் 11 ஆம் நாள், திருச்சிராப்பள்ளியை அடுத்த குளத்தூரில் பிறந்தார். தந்தையார் சவரிமுத்துப் பிள்ளை. தாயார் ஆரோக்கியமரி அம்மாள். குடும்பம் கத்தோலிக்கக் கிறித்துவக் குடும்பம். இளமையில் தியாகப் பிள்ளை என்பவரிடம் தமிழும் ஆங்கிலமும் கற்றார். அந்தக் காலத்தில் ஆங்கிலம் தெரிந்த தமிழர் மிகச் சிலரே. ஆகவே, வேலை அவரைத் தேடி வந்தது. 1848 ஆம் ஆண்டில் திருச்சிராப்பள்ளி நீதிமன்றத்தில் ஆவணக் காப்பாளராகச் சேர்ந்தார். பின்னர் மொழிபெயர்ப்பாளராக உயர்ந்தார்.

மொழிபெயர்ப்பாளர் வேலையைச் சாதாரணமாக நினைத்துவிட வேண்டாம். ஆங்கிலேய நீதிபதிக்குத் தமிழ் தெரியாது. வழக்காடுபவருக்கு ஆங்கிலம் தெரியாது. நடுவில் நிற்பவர் ஒரு சொல்லை மாற்றினால் போதும், ஒரு குடும்பத்தின் நிலம் கை மாறிவிடும். ஆள்பவர்க்கும் மக்களுக்கும் இடையே மொழி ஒரு சுவராக நிற்பதையும், அந்தச் சுவரில் உள்ள ஓட்டை வழியாகவே கையூட்டு நுழைவதையும் வேதநாயகர் அருகிலிருந்து பார்த்தார்.

1857 ஆம் ஆண்டில் அவர் தரங்கம்பாடியில் முன்சீப் ஆனார். முன்சீப் என்பவர் உரிமை வழக்குகளை விசாரிக்கும் கீழ்நிலை நீதிபதி. கடன், நிலம், பாகப்பிரிவினை போன்ற வழக்குகளே அவர் முன் வரும். பதவி சிறியதுதான். ஆனால், ஏழைகளின் வாழ்வும் தாழ்வும் அந்தச் சிறிய பதவியில்தான் தொங்கின. தரங்கம்பாடிக்குப் பிறகு சீர்காழியிலும் மாயூரத்திலும் அவர் பணியாற்றினார். இன்று மயிலாடுதுறை என வழங்கும் ஊரே அன்றைய மாயூரம். சென்ற இடமெல்லாம், கையூட்டு வாங்காதவர், முகம் பார்த்துத் தீர்ப்புச் சொல்லாதவர் என்று பெயர் எடுத்தார்.

அவர் தம் கையை மட்டும் சுத்தமாக வைத்துக்கொண்டு பேசாமல் இருந்திருக்கலாம். அதுதான் வசதியும்கூட. உடன் வேலை செய்பவர்களின் பகையாவது மிஞ்சாமல் இருந்திருக்கும். ஆனால், முன்சீப் ஆன இரண்டே ஆண்டில், அதாவது 1859 இல், நீதிநூல் என்னும் செய்யுள் நூலை வெளியிட்டார். கடவுள் உண்டு என்று கூறித் தொடங்கும் அந்நூலில் கைக்கூலியைப் பற்றியும் ஓர் அதிகாரம் வைத்தார். கைக்கூலி என்பது கையூட்டின் பழைய பெயர். கண்டித்தவர் வெளியில் நின்று குறை சொல்லும் புலவர் அல்லர்; அதே நாற்காலியில் அமர்ந்திருந்த நீதிபதி! படித்தவர்கள் அவருடைய பாட்டையும் அவருடைய நடத்தையையும் பக்கத்தில் வைத்து ஒப்பிட்டுப் பார்த்திருப்பார்கள் அல்லவா?

அடுத்து அவர் செய்த வேலைக்கு இன்னும் அதிகப் பாராட்டு கிடைத்திருக்க வேண்டும் என்பது என் எண்ணம். 1805 முதல் 1861 வரை உயர்ந்த நீதிமன்றம் வழங்கிய தீர்ப்புகளைத் தமிழில் தொகுத்து, 1862 இல் சித்தாந்த சங்கிரகம் என்ற பெயரில் அச்சிட்டார். அதுவரை ஆங்கிலத்தில் பூட்டிக் கிடந்த சட்டம் அன்று தமிழில் வெளிவந்தது. இன்ன வழக்கிற்கு இன்ன தீர்ப்பு என்று மக்களுக்குத் தெரிந்துவிட்டால், இடைத்தரகர் சொல்வதை அவர்கள் அப்படியே நம்ப வேண்டியதில்லை. மக்கள் வழக்கு மக்கள் மொழியிலேயே நடக்க வேண்டும் என்று தம் நாவலிலும் வாதாடினார். தமிழ் தெரிந்த நீதிபதியின் முன்பு, தமிழ் பேசும் வழக்காளிக்காகத் தமிழ் வழக்கறிஞர் ஆங்கிலத்தில் வாதாடும் வேடிக்கையை அதில் அவர் எள்ளி நகையாடியிருக்கிறார்.

வேதநாயகர் தம் சமயத்தை மறைத்தவர் அல்லர். தேவமாதாவின் மேல் அந்தாதி பாடினார். ஆயினும், அவருடைய நெருங்கிய நண்பர்களோ சைவர்கள். திருவாவடுதுறை ஆதீனத்தின் சுப்பிரமணிய தேசிகர் அவருக்கு நண்பர். உ.வே. சாமிநாதையரின் ஆசிரியரான மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளையும் நண்பர். மகாவித்துவான் இவர்மீது குளத்துக்கோவை என்ற ஒரு நூலையே பாடினார். எல்லாச் சமயத்தாரும் சேர்ந்து பாடுவதற்கென்று வேதநாயகர் இயற்றியது சர்வ சமய சமரசக் கீர்த்தனை. அதிலுள்ள சில பாடல்கள் இன்றும் இசை மேடைகளில் ஒலிக்கின்றன. பெண்கள் கல்வி கற்க வேண்டும் என்று வற்புறுத்திப் பெண்மதி மாலையை 1869 இல் எழுதினார்.

1872 ஆம் ஆண்டில் அவர் பணி ஓய்வு பெற்றார். இனி எழுதுவதும் படிப்பதுமாக நாளைக் கழிக்கலாம் என்று நினைத்திருப்பார். அப்போதுதான் பெரும் பஞ்சம் வந்தது. 1876 முதல் 1878 வரை தென்னிந்தியாவை வாட்டிய அதனைத் தாது வருடப் பஞ்சம் என்பார்கள். மழை பொய்த்தது, நெல் விலை ஏறியது, இலட்சக்கணக்கான மக்கள் மாண்டனர். பிழைக்க வழி தேடி ஊரை விட்டுப் போனவர்களும் பலர். மாயூரத்திற்குத் தெற்கே நாகப்பட்டினத் துறைமுகம் இருக்கிறது. அங்கிருந்து பினாங்கிற்குக் கப்பல்கள் வந்தன. பிற்காலத்தில் கோலசிலாங்கூரிலும் சுங்கை செம்பிலாங் பக்கத்துத் தோட்டங்களிலும் பால்மரம் சீவிய நம் முன்னோர் பலருக்கும் அந்தத் துறைமுகத்தின் பெயர் நன்கு தெரியும்.

கப்பலேற முடியாதவர்கள் தெருவில் கிடந்தார்கள். வேதநாயகரிடம் இப்போது நீதிபதிப் பதவி இல்லை. நீதிமன்றத்தில் கையை நீட்டியிருந்தால் சேர்ந்திருக்கும் செல்வமும் இல்லை. நேர்மையாய்ச் சேர்த்தது எவ்வளவு இருந்ததோ, அதைச் செலவழித்துக் கஞ்சி காய்ச்சி ஊற்றினார். வந்தவர் என்ன சாதி, என்ன சமயம் என்று கேட்கவில்லை. பஞ்சத்தின் கொடுமையைச் சொல்லி இறைவனிடம் முறையிடும் கீர்த்தனைகளையும் எழுதினார்.

இதையெல்லாம் அதே ஊரில் இருந்து கண்ணாரக் கண்டவர் கோபாலகிருஷ்ண பாரதியார். நந்தனார் சரித்திரத்தைப் பாடிய பெரும் சிவபக்தர் அவர். தில்லை நடராசரைப் பாடிய அதே வாயால், கிறித்துவரான வேதநாயகரின் ஈகையையும் புகழ்ந்து ஒரு கீர்த்தனை பாடினார்.

பஞ்சம் ஓய்ந்த பிறகு, 1879 இல் பிரதாப முதலியார் சரித்திரம் அச்சில் வந்தது. இரண்டாவது நாவலான சுகுண சுந்தரி 1887 இல் வெளியானது. 1889 ஆம் ஆண்டு ஜூலை 21 ஆம் நாள், தம் 62 ஆம் வயதில் வேதநாயகம் பிள்ளை காலமானார். அவர் பிறந்த ஊர் குளத்தூர். ஆனால், தமிழுலகம் அவரை மாயூரம் வேதநாயகம் பிள்ளை என்றே அழைக்கிறது. அவர் தீர்ப்புச் சொன்ன ஊரும் கஞ்சி ஊற்றிய ஊரும் அதுதான்.