தூதருக்கு வீடு யார் செலவில்? ஜான் ஆடம்ஸ் பட்ட பாடு

தூதரகம் என்றாலே கொடி பறக்கும் மாளிகைதான் நினைவுக்கு வரும். அதற்கு வாடகை யார் கட்டுவது? பின்னாளில் அமெரிக்காவின் 2-வது அதிபரான ஜான் ஆடம்ஸைப் பத்து வருடம் படுத்தி எடுத்த கேள்வி இது.

1735-ல் மாசசூசெட்ஸில் ஒரு விவசாயிக்குப் பிறந்தவர், தொழில் வக்கீல். 1778-ல் அவர் பாரிஸ் போனபோது அமெரிக்கா சுதந்திரம் அறிவித்து இரண்டு வருடம்கூட ஆகவில்லை. அங்கே ஏற்கெனவே தூதராக இருந்த பெஞ்சமின் பிராங்க்ளின், நகரை ஒட்டிய பாஸியில் ஷோமோன் என்ற வணிகரின் வீட்டில் வாடகையில்லாமல் தங்கியிருந்தார். ஆடம்ஸும் அங்கேயே தங்கினார். ஆனால் மனசு உறுத்தியது. ஷோமோன் சும்மா ஒரு நண்பர் அல்ல, அமெரிக்கப் படைக்குச் சரக்கு அனுப்பியவர். அவர் வீட்டில் ஓசியில் இருந்துகொண்டு அவரிடமே எப்படிக் கணக்குப் பார்ப்பது? வாடகை எவ்வளவு என்று கடிதம் எழுதிக் கேட்டார் ஆடம்ஸ். ஷோமோன் வாங்க மறுத்துவிட்டார்.

அடுத்து நெதர்லாந்து. அந்த நாடு அமெரிக்காவை இன்னும் அங்கீகரிக்கவே இல்லை. ஆனாலும் 1782 தொடக்கத்தில் தி ஹேக் நகரில் ஒரு வீட்டை விலைபேசி முடித்தார். துணிச்சல்தான். ஏப்ரலில் அங்கீகாரம் வந்தது. ஜூனில் 50 லட்சம் கில்டர் கடனுக்கு ஒப்பந்தமானது. கடன் கேட்டு வந்தவர் சொந்த வீட்டில் குடியிருந்தது மதிப்பைக் கூட்டியிருக்கும். அமெரிக்கா வெளிநாட்டில் சொந்தமாக்கிய முதல் தூதரகக் கட்டடம் அதுதான்.

லண்டனில்தான் செலவு கையைக் கடித்தது. 1785-ல் முதல் தூதராகப் போனார். அதற்கு முந்தைய வருடமே நாடாளுமன்றம் தூதர் சம்பளத்தை 11,000 டாலருக்கு மேலிருந்து 9,000 ஆகக் குறைத்திருந்தது. குரோவ்னர் சதுக்கத்து வீட்டு வாடகை, குதிரை வண்டி, வேலைக்காரர்கள், விருந்து எல்லாம் அதற்குள்தான். மற்ற தூதர்கள் விருந்துக்குக் கூப்பிட்டால் பதிலுக்கு ஒரு நாள் கூப்பிட வேண்டாமா? மனைவி அபிகெய்ல் ஒவ்வொரு காசையும் எண்ணிச் செலவழித்தார். கேட்ட வர்த்தக ஒப்பந்தமோ கிடைக்கவே இல்லை. 1788-ல் ஊர் திரும்பினார்கள்.

1800-ல் அதிபராக வெள்ளை மாளிகையில் முதலில் குடியேறியதும் இவர்தான். அரசாங்க வீடு, வாடகைக் கவலை இல்லை. ஆனால் கட்டி முடிக்காத வீடு. பெரிய விருந்து அறையில் அபிகெய்ல் துணி காயப்போட்டார். ஆடம்ஸ் 1826 ஜூலை 4-ல் இறந்தார்.

அவர் வாடகைக்கு இருந்த அதே குரோவ்னர் சதுக்கத்தில், 1960-ல் அமெரிக்கா பெரிய தூதரகக் கட்டடம் திறந்தது. அடிமனை மட்டும் கடைசிவரை குத்தகைதான். 2018-ல் அங்கிருந்து இடம் மாறினார்கள்.