ராக்கெட்டுக்கு முன்னாடி ஒரு டிவி பெட்டி: விக்ரம் சாராபாய் போட்ட கணக்கு என்ன?

சென்னை சென்ட்ரலில் இருந்து வடக்கே போகும் புறநகர் ரயில்களில் பல, கும்மிடிப்பூண்டியோடு நின்றுவிடும். சில மட்டும் இன்னும் சுமார் 35 கிலோமீட்டர் ஓடி, ஆந்திர எல்லைக்குள் இருக்கும் சூலூர்பேட்டைக்குப் போகும். அங்கிருந்து கிட்டத்தில்தான் ஸ்ரீஹரிகோட்டா. ராக்கெட் கிளம்பும் நாளில் நம்ம திருவள்ளூர் மாவட்டத்துப் பழவேற்காட்டில் நின்றாலே புகைக்கோடு தெரியும். அதே நாளில் பழவேற்காடு மீனவர்களுக்கு அந்தப் பக்கக் கடலில் தொழில் செய்யத் தடையும் இருக்கும்.

அந்த ராக்கெட் எல்லாம் எதுக்கு என்று கேட்டால், இன்றைக்கு நிலா, செவ்வாய், சூரியன் என்று பதில் வரும். ஆனால் இந்தத் திட்டத்தைத் தொடங்கி வைத்த மனிதர் அந்தக் கேள்விக்குக் கொடுத்த முக்கியமான பதில்களில் ஒன்று, கிராமத்து டிவி. அறிவியல், சுகாதாரம், விவசாயம் சொல்லித் தரும் டிவி. அவர் பெயர் விக்ரம் சாராபாய்.

யார் இவர்?

1919 ஆகஸ்ட் 12-ல் அகமதாபாத்தில் பிறந்தார். அப்பா அம்பாலால் சாராபாய் பெரிய ஜவுளி மில் முதலாளி. பிள்ளைகளுக்காக வீட்டு வளாகத்துக்குள்ளேயே தனிப் பள்ளி நடத்திய குடும்பம் அது. கேம்பிரிட்ஜில் படித்தார். இரண்டாம் உலகப் போர் வந்ததும் ஊர் திரும்பி, பெங்களூரு இந்திய அறிவியல் நிறுவனத்தில் சர் சி.வி.ராமனின் வழிகாட்டலில் காஸ்மிக் கதிர்களை ஆராய்ந்தார்.

1942-ல் பரதநாட்டியக் கலைஞர் மிருணாளினி சுவாமிநாதனைத் திருமணம் செய்துகொண்டார். சென்னையில் வாழ்ந்த அம்மு சுவாமிநாதனின் மகள், கேப்டன் லட்சுமியின் தங்கை. இருவரும் சேர்ந்து 1949-ல் அகமதாபாத்தில் தொடங்கிய 'தர்ப்பணா' இசை, நடனம், நாடகம் எல்லாவற்றுக்கும் இடம் கொடுத்தது. ஆய்வுக்கூடமும் அரங்கமும் ஒரே வீட்டில் இருந்தன என்றே சொல்லலாம்.

1947-ல் கேம்பிரிட்ஜில் டாக்டர் பட்டம். அதே வருடம் அகமதாபாத்தில் இயற்பியல் ஆய்வுக்கூடம். 1961-ல் ஐ.ஐ.எம். அகமதாபாத் உருவானதிலும் முக்கியப் பங்கு. 1962-ல் இந்திய விண்வெளி ஆய்வுக் குழுவின் தலைவர். 1963 நவம்பர் 21-ல் கேரளத்தின் தும்பாவில் இருந்து முதல் ஆய்வு ராக்கெட். 1966 ஜனவரியில் ஹோமி பாபா விமான விபத்தில் இறந்த பிறகு, அணுசக்தி ஆணையத் தலைவர் பொறுப்பும் இவரிடம் வந்தது. 1969-ல் இஸ்ரோ.

ஒரே ஆள், இத்தனை வேலை. சரி, இதில் டிவி எங்கிருந்து வந்தது?

மில்லில் கிடைத்த பாடம்

சாராபாய் 1940-களின் கடைசியில் கட்டியெழுப்பிய இன்னொரு அமைப்பு 'அதிரா'. அகமதாபாத் ஜவுளி மில்களுக்கான ஆராய்ச்சிக் கூடம். நூல், துணி, இயந்திரம் மட்டும் அங்கே ஆராயப்படவில்லை. மில்லில் வேலை செய்யும் மனிதர்கள் எப்படி யோசிக்கிறார்கள், புதுசாக ஒன்று வந்தால் ஏன் தயங்குகிறார்கள் என்று பார்க்க உளவியல் பிரிவும் இருந்தது. 1960-ல் சந்தை ஆய்வுக்கென்றே ஓ.ஆர்.ஜி. என்ற நிறுவனத்தையும் தொடங்கினார்.

அவர் பிறகு செய்ததை எல்லாம் வைத்துப் பார்த்தால், இந்த அனுபவம் அவரை விடவே இல்லை என்று தோன்றுகிறது. கருவியை வாங்கி வைப்பது பாதி வேலைதான். அதைப் பயன்படுத்தப் போகிறவர் யார், அவருக்கு என்ன வேண்டும் என்று தெரிந்துகொள்வது மீதிப் பாதி.

கடைசியில் இருப்பவருக்கு முதலில்

இந்தியாவில் டிவி 1959 செப்டம்பர் 15-ல் டெல்லியில் தொடங்கியது. 1961 முதல் டெல்லிப் பள்ளிகளுக்கு இயற்பியல், வேதியியல் பாடங்கள் ஒளிபரப்பானார்கள். ஆனால் 1972 வரை டெல்லியைத் தாண்டி வேறெங்கும் டிவி கிடையாது.

வழக்கமான பாதை என்றால் முதலில் பெருநகரம், அப்புறம் சின்ன நகரம், கடைசியில் கிராமம். ஒவ்வொரு ஊருக்கும் கோபுரம் கட்டிக்கொண்டே போனால் பல பத்தாண்டுகள் ஆகும். சாராபாய் இதைத் தலைகீழாகப் பார்த்தார். பூமத்திய ரேகைக்கு நேர்மேலே 36,000 கி.மீ. உயரத்தில் ஒரு செயற்கைக்கோளை நிறுத்தினால், அதற்கு டெல்லியும் ஒன்றுதான், ரோடே இல்லாத கிராமமும் ஒன்றுதான். அப்படியானால் ரோடு இல்லாத ஊரில் இருந்தே ஏன் தொடங்கக் கூடாது?

1967 ஜனவரி 26-ல் டெல்லியைச் சுற்றியிருந்த 80 கிராமங்களில் 'கிருஷி தர்ஷன்' என்ற விவசாய நிகழ்ச்சி தொடங்கியது. ஊர்ப் பொது டிவி, அதைச் சுற்றி ஒரு பார்வையாளர் குழு. அணுசக்தித் துறையும் இதில் பங்கெடுத்தது. ஒரு அணுசக்தித் துறை எதுக்கு உழவர் நிகழ்ச்சியில் தலையிடுகிறது என்று கேட்டால், பதில் சாராபாய்தான்.

வானத்தில் ஒரு குடை

1969 செப்டம்பரில் நாசாவுடன் ஒப்பந்தம். அமெரிக்கா ஏவப் போகும் ஏ.டி.எஸ்.-6 என்ற செயற்கைக்கோளை ஒரு வருடம் இந்தியா பயன்படுத்திக்கொள்ளலாம். நிகழ்ச்சிகள், தரை நிலையங்கள், கிராமத்து டிவி பெட்டிகள் எல்லாம் இந்தியாவின் பொறுப்பு. 'சைட்' என்று சுருக்கமாக அழைக்கப்பட்ட செயற்கைக்கோள் கல்வித் தொலைக்காட்சிப் பரிசோதனை இதுதான்.

அதே 1969-ல்தான் ஸ்ரீஹரிகோட்டாவும் தேர்வானது. கிழக்கே கடல், மேற்கே பழவேற்காடு ஏரி. கிழக்கு நோக்கி ஏவினால் பூமியின் சுழற்சி வேகமும் துணைக்கு வரும். இரவல் செயற்கைக்கோள் ஒரு வருடத்துக்குத்தான். அதற்கப்புறம் சொந்தமாக ஏவ வேண்டும் அல்லவா? 1971 அக்டோபர் 9-ல் அங்கிருந்து முதல் சின்ன ராக்கெட் கிளம்பியது.

அடுத்த மூன்று மாதம் முடிவதற்குள், டிசம்பர் 30-ல், கோவளத்தில் தங்கியிருந்தபோது சாராபாய் இறந்தார். வயது 52. அவர் கனவு கண்ட டிவியை அவர் பார்க்கவே இல்லை.

திரைக்குப் பின்னால் நடந்தது

1975 ஆகஸ்ட் 1 முதல் 1976 ஜூலை 31 வரை 'சைட்' நடந்தது. ஆந்திரா, கர்நாடகா, ஒடிசா, பிகார், மத்தியப் பிரதேசம், ராஜஸ்தான் என 6 மாநிலங்களில் சுமார் 2,400 கிராமங்கள். தினமும் 4 மணி நேரம். காலையில் பள்ளிப் பிள்ளைகளுக்கு, மாலையில் ஊருக்கே.

செயற்கைக்கோளின் ஆன்டெனா குடை மாதிரி விரியக்கூடியது, சுமார் 9 மீட்டர் அகலம். கிராமத்தில் இருந்த ஆன்டெனா? கோழிக்கூண்டுக்குப் போடுவோமே, அந்தக் கம்பி வலையில் செய்த 3 மீட்டர் கிண்ணம். டிவி பெட்டிகளை ஹைதராபாத்தின் இ.சி.ஐ.எல். தயாரித்தது. ஒரு படத்துக்கு இரண்டு ஒலித்தடம் அனுப்பலாம் என்பதால், ஒரே காட்சியை இரண்டு மொழியில் கேட்க வைக்க முடிந்தது.

கஷ்டம் இந்தக் கருவிகளில் இல்லை. நாலு மொழியில், ஒரு வருடத்துக்கு, ஆயிரம் மணி நேரத்துக்கும் மேல் நிகழ்ச்சி வேண்டும். யார் எடுப்பது? அகில இந்திய வானொலியின் கீழ் இருந்த தொலைக்காட்சிப் பிரிவு டெல்லி, ஹைதராபாத், கட்டாக்கில் தயாரித்தது. குழந்தைகளுக்கான அறிவியல் நிகழ்ச்சிகளை இஸ்ரோவே மும்பை ஸ்டுடியோவில் எடுத்தது. அகமதாபாத் விண்வெளிப் பயன்பாட்டு மையத்தின் இயக்குநராக இருந்த இயற்பியலாளர் யஷ் பால், பொறியாளர்களையும் படம் எடுப்பவர்களையும் ஒரே மேஜையில் உட்கார வைத்தார். சமூக ஆய்வாளர்கள் கிராமங்களிலேயே தங்கி, யார் பார்க்கிறார்கள், யாருக்கு என்ன புரிகிறது என்று குறித்துக்கொண்டார்கள். அதிராவில் தொடங்கிய அதே பழக்கம்.

பலன் கிடைத்ததா?

முதல் நாட்களில் திருவிழாக் கூட்டம். அப்புறம் கூட்டம் குறைந்தது. ஆனாலும் சுகாதாரம், நோய்த் தடுப்பு, குடும்ப நலம் பற்றிய விஷயங்களில் எழுத்தறிவு இல்லாதவர்களும் பெண்களும் நிறையக் கற்றுக்கொண்டதாக ஆய்வுகள் காட்டின. சுமார் 50,000 தொடக்கப் பள்ளி ஆசிரியர்களுக்கு இதே டிவி வழியாக அறிவியல் பயிற்சி கிடைத்தது.

இடறிய இடம் மொழி. பிகார், மத்தியப் பிரதேசம், ராஜஸ்தான் மூன்றுக்கும் ஒரே ஸ்டுடியோ இந்தி போனது. ஊரில் பேசும் பேச்சு வேறு. நகரத்தில் எழுதிய வசனம் பலருக்கு ஒட்டவே இல்லை.

இதற்கு மாற்று குஜராத்தின் கேடா மாவட்டத்தில் நடந்தது. பிஜ் என்ற ஊரில் சின்ன ஒளிபரப்பு நிலையம் வைத்து, அந்த வட்டாரப் பேச்சில், அந்த ஊர்க்காரர்களையே நடிக்க வைத்து இஸ்ரோ நிகழ்ச்சி எடுத்தது. இந்தத் திட்டத்துக்குக் கிராமப்புறத் தகவல் தொடர்புக்கான யுனெஸ்கோ பரிசு 1984-ல் கிடைத்தது.

தமிழ்நாடு எங்கே?

'சைட்' பட்டியலில் தமிழ்நாடு இல்லை. ஆனால் அது தொடங்கி இரண்டு வாரத்தில், 1975 ஆகஸ்ட் 15-ல் சென்னைத் தொலைக்காட்சி வந்தது. 'வயலும் வாழ்வும்' வந்தது. கூடவே 'ஒளியும் ஒலியும்' வந்தது. இரண்டில் எதற்காகத் தெருவே டிவி இருக்கும் வீட்டில் கூடியது என்று உங்கள் வீட்டுப் பெரியவர்களைக் கேட்டுப் பாருங்கள். 1983-ல் இன்சாட்-1பி வந்து நாடு முழுக்க டிவி பரவியபோது, பாட்டும் தொடரும் விளம்பரமும் முன்வரிசையைப் பிடித்தன. பாடம் பின்வரிசைக்குப் போனது.

சாராபாயின் கணக்கு முற்றிலும் தோற்றுவிடவில்லை. 2004 செப்டம்பர் 20-ல், கல்விக்கென்றே செய்த 'எஜுசாட்' அதே ஸ்ரீஹரிகோட்டாவில் இருந்து கிளம்பியது. 2019-ல் தமிழ்நாடு அரசின் கல்வித் தொலைக்காட்சி வந்தது. அடுத்த வருடமே கொரோனா பள்ளிகளை மூடியபோது, நல்ல போனும் டேட்டாவும் இல்லாத வீடுகளுக்கு அதுதான் வகுப்பறை.

இன்றைக்கு இது ஏன் முக்கியம்?

திருவள்ளூர் மாவட்டத்துச் செங்கல் சூளைகளில் ஒடிசாவில் இருந்து வந்த குடும்பங்கள் வேலை செய்கின்றன. கும்மிடிப்பூண்டி சிப்காட் ஆலைகளிலும் பிகார், ஒடிசா தொழிலாளர்கள் நிறைய. 'சைட்' தேடிப் போன அதே மாநிலங்கள். அவர்களின் பிள்ளைகளுக்கு வானத்தில் செயற்கைக்கோள் இருக்கிறது, கையில் அப்பாவின் போன் இருக்கிறது. ஆனால் அவர்கள் பேச்சில், அவர்கள் வாழ்க்கையை வைத்து எடுத்த பாடம் எத்தனை இருக்கிறது?

36,000 கி.மீ. மேலே சிக்னல் அனுப்பக் கற்றுக்கொண்டோம். கடைசி வீட்டுப் பிள்ளைக்குப் புரிகிற மாதிரி அரை மணி நேர நிகழ்ச்சி எடுப்பதுதான் இன்னும் பாக்கி. அடுத்த முறை ஸ்ரீஹரிகோட்டாவில் கவுன்ட் டவுன் ஓடும்போது, ஒரு நாள் தொழிலை விட்டுக்கொடுத்துக் கரையில் நிற்கும் பழவேற்காடு மீனவருக்கும், சூளையில் வளரும் பிள்ளைக்கும் அதில் இருந்து என்ன போய்ச் சேருகிறது என்று கேட்கலாம். சாராபாய் போட்ட கணக்குக்கு விடை அங்கேதான் இருக்கிறது.