அவசரமும் இல்லை, அயர்வும் இல்லை: இரட்டைமலை சீனிவாசனார் வாழ்வு

வெள்ளிவிழா மலருக்கு ஒரு பெருமகனாரின் வாழ்க்கையை எழுதித் தருமாறு விழாக்குழுவினர் பணித்தபோது, நான் அண்ணல் அம்பேத்கரைப் பற்றி எழுதுவேன் என்றே எதிர்பார்த்திருப்பர். அண்ணலின் வாழ்வை நம் பிள்ளைகள் ஓரளவேனும் அறிவர். இலண்டன் வட்டமேசை மாநாட்டில் அவரோடு ஒடுக்கப்பட்டோர்க்காகப் பேசிய தமிழர் ஒருவரை அறிந்தோர் நம் தெருக்களில் மிகச் சிலரே. இரட்டைமலை என்பது ஏதோ மலையூர் ஒன்றின் பெயர் என்று எண்ணும் மாணவரை நான் ஆண்டுதோறும் காண்கிறேன். அது அவருடைய தந்தையாரின் பெயர்.

செங்கற்பட்டு மாவட்டம் மதுராந்தகத்தை அடுத்த கோழியாளம் என்னும் சிற்றூரில், 1860ஐ ஒட்டிய ஆண்டில், ஜூலைத் திங்கள் 7ஆம் நாள் சீனிவாசனார் பிறந்தார். குடும்பம் பிழைப்பை நாடி இடம்பெயர்ந்தமையால் அவருடைய உயர்கல்வி கோயம்புத்தூரில் அமைந்தது. அங்கே கலாசாலையில் பயின்ற சுமார் 400 பேருள் பத்துப் பேர் நீங்கலாக ஏனையோர் பிராமணப் பிள்ளைகள். ஊர் எது, உறவு யார் என்று எவரேனும் கேட்டு, சாதி தெரிந்துவிடுமோ என்னும் அச்சத்தால் அவர் யாரோடும் கூடி விளையாடுவதில்லை. மணி அடிக்கும் வரையில் வெளியே எங்கேனும் அமர்ந்து படித்துக்கொண்டிருப்பார். மணி அடித்தபின்னரே வகுப்பினுள் நுழைவார். மாலையில் வகுப்பு முடிந்ததும் ஒருவரும் வழிமறித்துப் பேசாதவாறு விரைந்து வீடு சேர்வார். இவற்றை அவரே பிற்காலத்தில் ஒளிக்காமல் எழுதிவைத்தார்.

இப்பகுதியைப் படிக்குந்தோறும் என் இளமை என் நினைவில் எழும். நகரத்துப் பள்ளியொன்றில் பயின்ற நாளில், எந்த ஊர் என்று உடன் பயில்வோர் கேட்டால், எங்கள் குடியிருப்பின் பெயரை விடுத்து அடுத்த ஊரின் பெயரைச் சொல்லி வந்தேன். தலைமையாசிரியனாக இருக்கும் இன்றும், விடுதியில் தங்கிப் படிப்பதைத் தோழர்களிடம் மறைக்கும் பிள்ளைகளைப் பார்க்கிறேன். அவர்களைக் கடிந்துகொள்ள எனக்கு மனம் வருவதில்லை.

படிப்பை விட்டபின் சீனிவாசனார் உடனே மேடையேறிவிடவில்லை. நீலகிரிக்குச் சென்று ஐரோப்பியர் நடத்திய வணிக நிலையத்தில் கணக்கராக அமர்ந்தார். ஏறத்தாழப் பத்தாண்டுகள் கணக்கு எழுதினார். 1887இல் அரங்கநாயகி அம்மையாரை மணந்து குடும்பத்தை நிலைநிறுத்திக்கொண்டார். சமுதாயம் துன்புற்றுக் கிடக்க ஒருவர் பத்தாண்டுக் காலம் வணிகர் கணக்கைப் பார்த்துக்கொண்டிருக்கலாமா என்று இளைஞர் சிலர் என்னிடம் வாதிட்டதுண்டு. கையில் நாலு காசும் தலையில் ஒரு கூரையும் இல்லாதவன் பிறருக்காகப் பேசத் தொடங்கினால் எத்தனை நாள் பேசுவான் என்பதை அந்தக் கணக்கர் கணக்கிட்டிருக்க வேண்டும் என்பது என் கருத்து. பன்னிரண்டாம் வகுப்பு முடிந்த மறுவாரமே பெங்களூருக்குக் கட்டட வேலைக்குப் பேருந்தேறும் நம் பிள்ளைகளுக்கு அந்தப் பத்தாண்டின் அருமை புரியும்.

1890இல் சென்னைக்கு வந்தார். அப்போதும் விரைவு காட்டவில்லை. ஏறக்குறைய மூன்றாண்டுகள் ஊர் ஊராகச் சென்று, நம் மக்கள் வாழும் நிலையைக் கண்டும் முதியோரைக் கேட்டும் பழைய ஆவணங்களைப் படித்தும் செய்தி திரட்டினார். அதே காலத்தில்தான் செங்கற்பட்டு ஆட்சியர் திரமென்ஹீர் ஒடுக்கப்பட்டோர் நிலையை ஆராய்ந்து அரசுக்கு அறிக்கை அளித்தார். 1892இல் அதன் பயனாகப் பஞ்சமி நில ஆணை பிறந்தது. 1891இல் சீனிவாசனார் பறையர் மகாசன சபையை நிறுவினார். 1893 அக்டோபரில் ஒரு தமிழ் இதழைத் தொடங்கினார். நான்கு பக்கம், விலை இரண்டணா, மாதம் ஒருமுறை. அதற்கு அவர் சூட்டிய பெயர் ‘பறையன்’.

கலாசாலை வாயிலில் மணியோசைக்குக் காத்திருந்த அதே மனிதர்தாம் இப்பெயரைச் சூட்டியவர். எந்தச் சொல்லைக் கேட்டு அஞ்சி ஓடினாரோ அந்தச் சொல்லையே எடுத்து, தெருவில் விற்கும் தாளின் தலைப்பில் அச்சிட்டார். தன்னை இன்னான் என்று வெளிப்படையாகச் சொல்லி முன்வராதவன் தனக்குரிய உரிமையைக் கேட்டுப் பெற இயலாது என்பது அவருடைய துணிபு. இதில் எல்லாரும் அவரோடு உடன்பட்டாரில்லை. அவருடைய தங்கையின் கணவரான பண்டிதர் அயோத்திதாசர், அப்பெயர் பிறர் நம்மீது சுமத்திய இழிவென்று கருதி, பூர்வ பௌத்தர் என்னும் அடையாளத்தை நாடினார். யார் கூறியது சரி என்று தீர்ப்புக் கூற நான் முற்படவில்லை. மைத்துனர் இருவரும் தத்தம் வழியில் உழைத்தனர். அவ்வுழைப்பால் நமக்கு இரண்டு இதழ்கள் கிடைத்தன.

முதல் இதழ் 400 படிகளும் இரண்டே நாளில் சென்னையில் விற்றுப்போயின. மூன்று மாதத்தில் வார இதழாயிற்று; இரண்டாண்டில் சொந்த அச்சகமும் அமைந்தது. இந்திய ஆட்சிப்பணித் தேர்வை இலண்டனில் நடத்துவது போலவே இந்தியாவிலும் நடத்த வேண்டும் என்று காங்கிரசார் அப்போது கோரி வந்தனர். சீனிவாசனார் அதனை எதிர்த்தார். பள்ளிக்கூடமே எட்டாத மக்களின் தலைமீது, பள்ளிகளை ஏற்கெனவே கைப்பற்றியிருந்த சாதியார் அதிகாரிகளாக வந்தமர்வர் என்பது அவர் காட்டிய காரணம். 3,412 பேர் கையொப்பமிட்ட, 112 அடி நீளமுள்ள விண்ணப்பம் இலண்டன் பாராளுமன்றத்திற்குச் சென்றது. இதைக் கொண்டு அவரை வெள்ளையர் பக்கம் நின்றவர் என்று சொல்வாரும் உளர். நானும் என் பணியின் தொடக்க காலத்தில் இதை வகுப்பில் சொல்லக் கூசிக் கடந்து சென்றவனே. கையெழுத்திடத் தெரிந்தவரே அரியராயிருந்த ஒரு சமுதாயத்தில் மூவாயிரத்துக்கும் மேற்பட்ட கையொப்பங்களைத் திரட்ட எத்தனை தெருக்களில் நடந்திருப்பார் என்று எண்ணத் தொடங்கிய பிறகு அந்தக் கூச்சம் நீங்கிற்று.

நம் குறைகளை இலண்டனுக்கே சென்று நேரில் உரைக்க வேண்டும் என்று 1900இல் கப்பலேறினார். எண்ணியது கைகூடவில்லை. ஆப்பிரிக்கக் கரையோடு பயணம் நின்றது. இதழும் நின்றுபோயிற்று. தென்னாப்பிரிக்காவின் நேட்டால் பகுதியில் நீதிமன்ற மொழிபெயர்ப்பாளராகப் பணியேற்றார். கரும்புத் தோட்டங்களில் உழன்ற தமிழ்க் கூலிமக்களின் வழக்குகள் அந்நாளில் அந்நாட்டு நீதிமன்றங்களுக்கு வந்துகொண்டிருந்தன. அங்கிருந்த காந்தியடிகளுக்குத் தமிழில் கையொப்பமிடக் கற்பித்தவர் இவர் என்பர். இவ்வாறு இருபதாண்டுகள் சென்றன.

நாற்பது வயதில் புறப்பட்டு, போக எண்ணிய இடத்தை அடையாமல், அறுபது வயதில் திரும்பும் ஒருவர் என்ன செய்வார்? திண்ணையில் அமர்ந்து பழங்கதை பேசியிருந்தாலும் எவரும் குறை கூறியிரார். 1920ஐ ஒட்டித் தாயகம் திரும்பிய சீனிவாசனார், விட்ட இடத்திலிருந்தே வேலையைத் தொடர்ந்தார். 1923இல் சென்னைச் சட்டமன்ற உறுப்பினரானார். மறு ஆண்டு ஆகஸ்டில் அவர் கொண்டுவந்த தீர்மானம் சுருக்கமானது: பொதுச் சாலை, தெரு, கிணறு, குளம், பொது அலுவலகம் ஆகியவற்றை எச்சாதியாரும் பயன்படுத்தத் தடையில்லை என்பது. தீர்மானம் நிறைவேறியது; அரசு ஆணையும் வந்தது. ஆணை வந்த மறுநாளே கிணறுகள் திறந்துவிடவில்லை. சட்டம் வேறு, ஊர் நடப்பு வேறு என்பதை நம் மாவட்டத்தார்க்கு எவரும் சொல்லித்தர வேண்டியதில்லை. 2012 நவம்பர் 7ஆம் நாள் நத்தம், அண்ணா நகர், கொண்டம்பட்டி குடியிருப்புகளில் எரிந்தவற்றுள் பிள்ளைகளின் பள்ளிச் சான்றிதழ்களும் இருந்தன. ஆயினும் இன்று நாம் வழக்குத் தொடுக்கவும் முறையிடவும் ஊன்றி நிற்கும் தரையில் முதற்கல் நாட்டியவருள் அவர் ஒருவர்.

1930இலும் 1931இலும் வட்டமேசை மாநாட்டிற்கு அண்ணலோடு அழைக்கப்பட்டார். முப்பதாண்டுக்கு முன் கப்பலேறிய பயணம் எழுபதாம் வயதில்தான் இலண்டனை எட்டியது. ஐந்தாம் ஜார்ஜ் மன்னரைக் கண்டபோது தீண்டாமை என்பது யாதென மன்னர் வினவினார் என்றும், தெருவில் விழுந்து கிடக்கும் எங்களவன் ஒருவனை மேற்சாதியார் தொட்டுத் தூக்கமாட்டார் என்று இவர் விளக்கினார் என்றும் தம் சரிதத்தில் குறித்துள்ளார். தம் சட்டையில் சாதிப்பெயரை எழுதி அணிந்து சென்றார் என்று செவிவழியாகவும் ஒரு கதை வழங்குகிறது.

1932 செப்டம்பரில் பூனா ஒப்பந்தத்தில் கையொப்பமிட்டோருள் இவரும் ஒருவர். 1935இல் இந்து மதத்தை விட்டு விலகப்போவதாக அண்ணல் அறிவித்தபோது இவர் அதற்கு இசையவில்லை. நாம் வருணங்களுக்கு அப்பாற்பட்டவர்கள், இந்துக்களே அல்லர், ஆகவே நாம் விட்டு விலக அங்கே ஒன்றுமில்லை என்பது அவர் நிலை. தம்மினும் ஏறத்தாழ முப்பதாண்டு இளையவரான தலைவரிடம் தம் கருத்தைத் தெரிவித்துவிட்டுத் தம் வேலையைப் பார்த்தார். ஒரே தெருவில் மூன்று மன்றங்கள் வைத்துக்கொண்டு ஒருவர் வீட்டுத் திருமணத்திற்கு மற்றவர் செல்லாதிருக்கும் நம் இளைஞர்கள் இதை இருமுறை படிப்பார்களாக.

1936இல் திவான் பகதூர் பட்டம் கிட்டியது. 1939இல் தம் வரலாற்றைத் தாமே எழுதி வெளியிட்டார். 1945 செப்டம்பர் 18ஆம் நாள், எண்பத்தைந்து வயதளவில், சென்னையில் காலமானார். 2000ஆம் ஆண்டில் மைய அரசு அவர் நினைவாக அஞ்சல்தலை வெளியிட்டது.

அவர் எழுதிய நூலின் பெயர் ‘ஜீவிய சரித்திர சுருக்கம்’. பெயருக்கேற்ப மிகச் சிறிய நூல். மாலையில் எடுத்தால் விளக்கு வைப்பதற்குள் படித்துவிடலாம். மூன்று கண்டங்களில் கழிந்த எண்பதாண்டு வாழ்வை, வரவு செலவு எழுதிப் பழகிய கை அத்தனை சிக்கனமாக எழுதியிருக்கிறது. இருபத்தைந்தாண்டு கண்ட நம் சங்கத்தின் படிப்பக அலமாரியில் அந்நூல் இல்லை. விழாச் செலவு போக மீதமிருக்கும் தொகையில் முதலில் அதை வாங்கிவைக்குமாறு செயலாளரிடம் கூறியிருக்கிறேன்.