மண்புழுவுக்குப் பியானோ வாசித்துக் காட்டிய டார்வின்!

இங்கிலாந்தின் கென்ட் பகுதியில் ஒரு கிராமத்து வீடு. தொட்டிகளில் மண், மண்ணுக்குள் புழுக்கள். வீட்டுக்கார அம்மா எம்மா பியானோ வாசிக்கிறார். மகன் 'பஸூன்' என்ற பெரிய குழலை ஊதுகிறார். விசில் அடிச்சாச்சு, கத்தியும் பார்த்தாச்சு. புழுக்கள் கண்டுக்கவே இல்லை. தொட்டியைத் தூக்கிப் பியானோ மேலேயே வைத்து ஒரு கட்டையைத் தட்டினார்கள். அவ்வளவுதான், சட்டென்று வளைக்குள் போய்விட்டன. காது கேட்காது, ஆனால் அதிர்வு தெரியும்!

இந்தக் கச்சேரிக்கு ஏற்பாடு செய்தவர் சார்லஸ் டார்வின். ஆமாம், பள்ளிக்கூடத்தில் பரிணாமப் பாடத்தில் படித்தோமே, அதே தாடித் தாத்தாதான்.

கதை ஆரம்பிப்பது 1837-ல். கப்பலில் உலகம் சுற்றித் திரும்பிய டார்வினுக்கு அப்போது 28 வயது. தாய்மாமா வீட்டுக்குப் போனார். (பின்னாடி அந்த மாமா மகளைத்தான் கல்யாணம் செய்துகொண்டார். அவர்தான் எம்மா.) பல வருஷம் முன்பு வயலில் தூவிய சுண்ணாம்பும் சாம்பல் கட்டியும் இப்போது மண்ணுக்குள் சில அங்குலம் கீழே கிடப்பதை மாமா காட்டினார். புழுக்கள் கீழிருந்து மண்ணைத் தின்று மேலே தள்ளுவதால் இப்படி ஆகியிருக்கும் என்பது மாமாவின் ஊகம். டார்வின் அதைப் பிடித்துக்கொண்டார்.

1842 டிசம்பரில் தன் வீட்டுக்குப் பக்கத்து வயலில் சுண்ணக்கல் துண்டுகளைப் பரப்பினார். பிறகு காத்திருந்தார். 1871-ல் பள்ளம் தோண்டிப் பார்த்தால், 7 அங்குலம் கீழே வெள்ளையாக ஒரு கோடு! 29 வருஷம். 29 விநாடி ரீல்ஸையே தள்ளிவிடுகிற நமக்கு இதெல்லாம் கொஞ்சம் ஓவர்தான்.

நடுவில் 1869-ல், இத்தனூண்டு பலவீனமான புழு இவ்வளவு பெரிய வேலை செய்யுமா என்று ஒருவர் தோட்டக்கலைப் பத்திரிகையில் எழுதினார். டார்வின் அதே பத்திரிகையில் பதில் சொன்னார். முழு பதில் 1881-ல் புத்தகமாக வந்தது. பல இடங்களில் ஓர் ஏக்கருக்கு வருஷம் 10 டன்னுக்கு மேல் மண்ணைப் புழுக்கள் மேலே கொண்டுவருகின்றன என்று கணக்குப் போட்டிருந்தார். இலையை இழுக்கும்போது எந்த முனையைப் பிடித்தால் வளைக்குள் சுலபமாக நுழையும் என்றுகூட அவற்றுக்குத் தெரிகிறதாம். இதைச் சோதிக்கக் காகிதத்தை முக்கோணமாக வெட்டி வைத்துப் பார்த்தார், மனுஷன்!

இன்னொன்றையும் கவனித்திருந்தார். மண் காய்ந்தாலோ குளிர் கூடினாலோ புழுக்கள் ஆழத்துக்கு இறங்கி, பந்து மாதிரி சுருண்டு கிடக்கும். அப்போது வேலை நின்றுவிடும். வளை தோண்டினால் காற்றும் மழைநீரும் மண்ணுக்குள் சுலபமாக இறங்கும். இழுத்துப்போன இலை உரமாகும்.

2019-ல் வெளியான ஓர் ஆய்வு, 57 நாடுகளில் கிட்டத்தட்ட 7,000 இடங்களின் தகவல்களைச் சேர்த்துப் பார்த்தது. எங்கே எத்தனை புழு, எத்தனை வகை என்பதை மண்ணின் தன்மையைவிட மழையும் வெப்பமும்தான் அதிகம் தீர்மானிக்கின்றன என்று தெரியவந்தது. பருவம் தவறும் மழையும் நீளும் வெயிலும் நம் தலைக்கு மேலே மட்டும் நடக்கிற விஷயம் இல்லை. கால் அடியில் இருக்கும் இந்தக் கூட்டத்துக்கும் அதுதான் வாழ்வா சாவா.

புழுப் புத்தகம் சில வாரங்களிலேயே ஆயிரக்கணக்கில் விற்றது. அது வந்த ஆறே மாதத்தில், 1882 ஏப்ரலில், டார்வின் காலமானார். தன் கிராமத்துச் சர்ச் மண்ணிலேயே தன்னைப் புதைப்பார்கள் என்றுதான் அவர் நினைத்திருந்தார். நண்பர்கள் விடவில்லை. லண்டன் வெஸ்ட்மின்ஸ்டர் அபேயில், கல் பாவிய தளத்துக்குக் கீழே அடக்கம் செய்தார்கள்.