வாஞ்சிநாதன் மனத்தில் இருந்தது என்ன?

மைசூரிலிருந்து தூத்துக்குடி எக்ஸ்பிரசில் ஊருக்குப் போகும் நம்மவர்கள், பயணம் முடியும் தறுவாயில் வாஞ்சி மணியாச்சி என்ற பெயர்ப் பலகையைப் பார்த்திருப்பார்கள். திருநெல்வேலிக்கும் தூத்துக்குடிக்கும் பாதை பிரிகிற ஜங்ஷன் அது. ஊரின் பெயர் மணியாச்சி. அதற்கு முன்னால் நிற்கும் வாஞ்சி, 1911-ல் அந்த ஸ்டேஷனில் ஒரு வெள்ளைக்கார கலெக்டரைச் சுட்டுக்கொன்று, அங்கேயே தன்னையும் சுட்டுக்கொண்டு இறந்த 25 வயது வாலிபரின் பெயர்.

பள்ளிக்கூடத்தில் எல்லோரும் படித்த கதைதான். ஆனால் அவர் ஏன் சுட்டார் என்று நாலு பேரைக் கேட்டால் நாலு விதமான பதில் வருகிறது.

புனலூர் உத்தியோகம்

வாஞ்சிநாதன் 1886-ம் ஆண்டு செங்கோட்டையில் பிறந்தார். தந்தை ரகுபதி அய்யர், தாயார் ருக்மணி அம்மாள். பெற்றோர் வைத்த பெயர் சங்கரன். இன்று தென்காசி மாவட்டத்தில் இருக்கும் செங்கோட்டை, அந்நாளில் திருவிதாங்கூர் சமஸ்தானத்தைச் சேர்ந்தது. வாஞ்சி பொன்னம்மாளை மணந்தார். புனலூரில் சமஸ்தானத்துக் காட்டிலாகாவில் வேலை பார்த்தார். மலையைக் குடைந்து புனலூர் வழியாகக் கொல்லத்துக்கு 1904-ல் ரெயில் வந்துவிட்டது. மலைக்கு அந்தப் பக்கம் உத்தியோகம், இந்தப் பக்கம் வீடு. சம்பளம், லீவு, குடும்பம் என்று ஓடிய வாழ்க்கை. வெளிப்பார்வைக்கு நம்மில் பலரைப் போன்றவர்தான்.

ஆனால் அந்நாளைய நெல்லைச் சீமை கொதித்துக்கொண்டிருந்தது. 1906-ல் வ.உ.சிதம்பரம் பிள்ளை தூத்துக்குடியில் சுதேசிக் கப்பல் கம்பெனியைத் தொடங்கினார். 1908-ல் கோரல் மில் தொழிலாளர் வேலைநிறுத்தம் நடந்தது. அதைத் தொடர்ந்து வ.உ.சி.யும் சுப்பிரமணிய சிவாவும் கைது செய்யப்பட்டனர். மார்ச் 13-ந் தேதி திருநெல்வேலியில் கலகம் மூண்டது. போலீஸ் துப்பாக்கிச் சூட்டில் 4 பேர் இறந்தனர். வ.உ.சி.க்கு செஷன்ஸ் கோர்ட் இரட்டை ஆயுள் தண்டனை விதித்தது. அப்போது தூத்துக்குடியில் சப்-கலெக்டராக இருந்தவர் ஆஷ். அயர்லாந்துக்காரர்.

இதன் பிறகு நீலகண்ட பிரம்மச்சாரி என்ற இளைஞர் பாரத மாதா சங்கம் என்ற ரகசிய அமைப்புக்கு ஆள் சேர்த்தார். மைத்துனர் சங்கரகிருஷ்ணன் மூலமாக வாஞ்சி அதில் சேர்ந்தார். லீவு போட்டுவிட்டு, பிரெஞ்சுக்காரர் ஆண்ட புதுச்சேரிக்குப் போனார். அங்கே வ.வே.சு. அய்யரிடம் துப்பாக்கி சுடப் பழகினார்.

பத்து நிமிடக் காத்திருப்பு

1911-ம் ஆண்டு ஜூன் 17-ந் தேதி, சனிக்கிழமை. கலெக்டர் ஆஷ் மனைவியுடன் திருநெல்வேலியில் ரெயில் ஏறினார். அவர்களுடைய நான்கு பிள்ளைகள் கொடைக்கானலில் இருந்தார்கள். அவர்களைப் பார்க்கப் போகிற பயணம் அது. காலை 10-38 மணிக்கு ரெயில் மணியாச்சி வந்தது. தூத்துக்குடியிலிருந்து வரும் போட் மெயில் 10-48-க்கு வரவேண்டும். அதற்காக முதல் வகுப்புப் பெட்டியில் கணவனும் மனைவியும் எதிரெதிரே உட்கார்ந்திருந்தார்கள்.

அந்த இடைவெளியில் வாஞ்சி பெட்டியை நெருங்கினார். கூட ஒருவர் வந்தார். மாடசாமி என்பது அவர் பெயர். பெல்ஜியத்தில் செய்த பிரௌனிங் கைத்துப்பாக்கியால் வாஞ்சி ஆஷின் மார்பில் சுட்டார். பிளாட்பாரத்தில் ஓடி, கழிப்பறைக்குள் புகுந்தார். துப்பாக்கியை வாயில் வைத்துத் தன்னையும் சுட்டுக்கொண்டார். மாடசாமி தப்பினார். கடைசிவரை அகப்படவே இல்லை.

சட்டைப்பைக் கடிதம்

வாஞ்சியின் சட்டைப்பையில் ஒரு கடிதம் இருந்தது. காரணத்தை அவரே எழுதி வைத்துவிட்டார். அப்படியானால் சந்தேகம் தீர்ந்தது என்றுதானே நினைப்போம்? கடிதத்தின் சாரத்தைப் பாருங்கள்.

ஆங்கிலேயர் நாட்டைப் பிடுங்கிக்கொண்டு சனாதன தர்மத்தை அழிக்கிறார்கள். ராமன், கிருஷ்ணன், அர்ஜுனன், சிவாஜி, குரு கோவிந்தர் வாழ்ந்த நாட்டில், பசு மாமிசம் தின்னும் ஐந்தாம் ஜார்ஜுக்கு முடி சூட்டப் பார்க்கிறார்கள். அவர் இங்கே கால் வைத்தால் கொல்வதாக மூவாயிரம் பேர் சபதம் செய்திருக்கிறார்கள். அதை அறிவிக்கவே, அவர்களில் கடைப்பட்டவனாகிய தான் இதைச் செய்வதாக முடிகிறது. அடுத்த ஐந்தாம் நாள் லண்டனில் ஜார்ஜுக்கு முடிசூட்டு விழா.

இந்தக் கடிதத்தில் வ.உ.சி. இல்லை. கப்பல் கம்பெனி இல்லை. 1908-ல் செத்த நான்கு பேர் இல்லை. ஆஷின் பெயரும் இல்லை. தமிழ்நாட்டில் குழந்தையும் சொல்கிற காரணம், சுட்டவர் எழுதிய காகிதத்தில் காணப்படவில்லை.

வ.உ.சி.க்காகவே சுட்டார் என்பவர்கள், நெல்லையில் அத்தனை வெள்ளைக்காரர் இருக்க ஆஷை ஏன் தேர்ந்தெடுத்தார் என்று கேட்கிறார்கள். நியாயமான கேள்வி. வர்ணாசிரம வெறியே காரணம் என்பவர்கள் கடிதத்தின் சொற்களைக் காட்டுகிறார்கள். அந்தச் சொற்கள் அதில் இருப்பது உண்மை. ஒடுக்கப்பட்ட மக்களுக்காகக் குற்றால அருவியையும் அக்கிரகாரத்துத் தெருவையும் ஆஷ் திறந்துவிட்டார், அதனால் கொல்லப்பட்டார் என்று ஒரு கதையும் உலவுகிறது. இதற்கு அக்கால ஆவணங்களில் ஆதாரம் இல்லை என்று, இந்தக் கொலையை நெடுங்காலம் ஆராய்ந்த ஆ.இரா. வேங்கடாசலபதி எழுதியிருக்கிறார். ஒவ்வொருவரும் தமக்கு வேண்டிய வாஞ்சியை எடுத்துக்கொண்டு போகிறார்கள்.

சென்னை ஐகோர்ட்டில் 14 பேர் மீது சதி வழக்கு நடந்தது. குறுக்கு விசாரணை செய்ய வாஞ்சி உயிரோடு இல்லை. அப்ரூவர்களாக மாறியவர்கள் தங்கள் தலையைக் காப்பாற்றப் பேசியவர்கள். யார் யாரோடு கூடினார்கள், எங்கே பிரமாணம் எடுத்தார்கள் என்பதை அந்த வழக்கு காட்டியது. ஒரு மனிதனின் நெஞ்சுக்குள் எந்தக் கோர்ட்டும் சம்மன் அனுப்ப முடியாது.

ஒரே சபதம், பல வழிகள்

இன்னொரு கேள்வியும் உண்டு. 1908-ன் அக்கிரமத்தைக் கண்டு கொதித்தவர்கள் ஆயிரக்கணக்கானோர். அன்னிய ராஜாவின் முடிசூட்டை வெறுத்தவர்களும் ஏராளம். அவர்கள் துப்பாக்கி எடுக்கவில்லை. ஊருக்கெல்லாம் பொதுவான காரணத்தைச் சொல்லி, ஒருவர் மட்டும் செய்த காரியத்தை எப்படி விளக்குவது?

ஒரே வலையில் சிக்கியவர்களையே பாருங்கள். போலீஸ் தேடியபோது தர்மராஜ அய்யர் விஷம் குடித்தார். வெங்கடேசுவர அய்யர் கழுத்தை அறுத்துக்கொண்டார். சிலர் அப்ரூவர் ஆனார்கள். சங்கரகிருஷ்ணனுக்கு 4 ஆண்டு சிறை.

முதல் எதிரியான நீலகண்ட பிரம்மச்சாரிக்கு 7 ஆண்டு கடுங்காவல். விடுதலையான பிறகு 1922-ல் மறுபடியும் கைதாகிப் பல ஆண்டுகள் சிறையில் இருந்தார். பிறகு துறவியானார். நம் கர்நாடகத்து நந்தி மலையில் சத்குரு ஓம்கார் என்ற பெயரில் ஆசிரமம் அமைத்து, 1978-ல் காலமானார். பெங்களூரிலிருந்து நந்தி மலைக்கு உல்லாசப் பயணம் போன எத்தனையோ தமிழர்களுக்கு, அங்கே இருந்த சாமியார் யார் என்பது தெரிந்திருக்காது. வாஞ்சியைச் சங்கத்தில் சேர்த்துக்கொண்ட அவர் 88 வயது வரை வாழ்ந்தார். வாஞ்சிக்கு 25 வயதோடு முடிந்துபோயிற்று.

நமக்கு இது வெறும் பழங்கதை அல்ல. 1991 டிசம்பரில் காவிரித் தகராறில் பெங்களூரிலும் மைசூர்ப் பகுதியிலும் தமிழர்கள் தாக்கப்பட்டார்கள். அன்று கன்னடத் தெருக்களில் எல்லோருக்கும் இருந்தது ஒரே கோபம்தான். ஆனால் எல்லோரும் கல் எடுக்கவில்லை. அதே தெருவில் கதவைத் திறந்து தமிழ்க் குடும்பத்தை உள்ளே வைத்துப் பூட்டியவர்களும் இருந்தார்கள். காவிரிதான் காரணம் என்று ஒரே வார்த்தையில் முடித்தால், கல் எடுத்தவரையும் கதவு திறந்தவரையும் ஒரே கணக்கில் எழுதிவிடுகிறோம்.

வாஞ்சியின் தேசபக்தியைக் குறைத்துப் பேச வேண்டியதில்லை. அவர் கடிதத்தில் உள்ள கடுமையான சொற்களை மறைக்கவும் வேண்டியதில்லை. கொடைக்கானலில் காத்திருந்த நான்கு பிள்ளைகளையும், செங்கோட்டையில் விதவையான பொன்னம்மாளையும் மறக்க வேண்டியதில்லை. இவை எல்லாவற்றையும் ஒன்றாக வைத்துப் பார்த்த பிறகும், அன்று காலை அந்தப் பெட்டியை நோக்கி நடந்தவரின் மனத்தில் கடைசியாக எது இருந்தது என்பது நமக்கு எட்டுவதாயில்லை. காரணத்தைத் தானே எழுதி வைத்தவர் விஷயமே இப்படி என்றால், எங்கோ குண்டு வெடித்தது, யாரோ வெட்டினான் என்று செய்தி வந்த அன்று மாலைக்குள்ளேயே அவன் ஜாதியையும் மதத்தையும் மொழியையும் சொல்லித் தீர்ப்புக் கூறுவது நியாயமாகாது.