ஜவுளி வியாபாரியின் மகன் அமைத்த குடில்

டிசம்பர் மாதம் பிறந்துவிட்டால் கிறிஸ்தவர்களின் வீடுகளிலும் கோவில்களிலும் குடில் கட்டும் வேலை தொடங்கிவிடும். மூங்கிலும் வைக்கோலும் கொண்டு ஒரு சிறு கொட்டகை. உள்ளே குழந்தை ஏசு, மாதா, சூசையப்பர், ஆட்டிடையர்கள், ஒரு மாடு, ஒரு கழுதை.

இந்த வழக்கம் உலகெங்கும் பரவக் காரணமாக இருந்தவர் இத்தாலி நாட்டுத் துறவி ஒருவர். அவர் பெயர் பிரான்சிஸ். அசிசி என்ற ஊரில் பிறந்ததால் அசிசி பிரான்சிஸ் என்று அழைக்கப்படுகிறார். அவர் ஏன் குடில் அமைத்தார் என்பது அவருடைய வாழ்க்கையை அறிந்தால்தான் விளங்கும்.

பட்டும் படையும்

பிரான்சிஸ் 1181 அல்லது 1182-ஆம் ஆண்டில் பிறந்தார். தந்தை பியத்ரோ பெர்னார்தோனே பெரிய ஜவுளி வியாபாரி. தாயார் பெயர் பிக்கா. பிள்ளைக்கு ஞானஸ்நானத்தில் இட்ட பெயர் ஜொவானி. பிரான்சு நாட்டுக்கு வியாபாரத்துக்குப் போய்த் திரும்பிய தந்தை, அந்த நாட்டின் நினைவாகப் பிரான்செஸ்கோ என்று அழைத்தார். அந்தப் பெயரே நிலைத்தது.

கடையில் துணி விற்பார். மாலையில் நண்பர்களோடு விருந்தும் பாட்டும். அசிசி நகரத்து இளைஞர்களில் அவரைப் போல உடுத்தியவர் இல்லை. பணத்தைத் தண்ணீராகச் செலவழித்தார். பெரிய வீரராகிப் புகழ் பெற வேண்டும் என்பது அவருடைய ஆசை.

1202-இல் பக்கத்து நகரமான பெருஜியாவோடு சண்டை மூண்டது. பிரான்சிஸ் போருக்குப் போனார், பிடிபட்டார். சுமார் ஓர் ஆண்டு சிறைவாசம். வீடு திரும்பியதும் நோயில் விழுந்தார். எழுந்தபோது பழைய கேளிக்கைகளில் ருசி இல்லை. மீண்டும் ஒருமுறை போருக்குப் புறப்பட்டவர் ஸ்போலெத்தோ என்ற ஊரோடு திரும்பிவிட்டார்.

தொழுநோயாளிகளைக் கண்டால் அவருக்கு அருவருப்பு. தூரத்தில் பார்த்தாலே மூக்கைப் பொத்திக்கொண்டு விலகிப் போவார். ஒருநாள் வழியில் ஒரு தொழுநோயாளி எதிர்ப்பட்டார். பிரான்சிஸ் குதிரையை விட்டு இறங்கினார். அவருக்குக் காசு கொடுத்து, அந்தக் கையை முத்தமிட்டார். பிறகு தொழுநோயாளிகளோடு தங்கி அவர்களுக்குப் பணிவிடை செய்தார்.

உடைகளைத் திருப்பிக் கொடுத்தார்

அசிசிக்கு வெளியே சான் தமியானோ என்ற சிறு கோவில் இடிந்து கிடந்தது. அதைப் பழுது பார்ப்பதற்காகத் தந்தையின் துணிகளையும் குதிரையையும் விற்றுப் பணம் திரட்டினார் பிரான்சிஸ். தந்தைக்குக் கோபம் தாங்கவில்லை. மகனை அடைத்து வைத்துப் பார்த்தார், பயன் இல்லை. 1206-இல் பிஷப்பிடம் வழக்கைக் கொண்டு போனார்.

ஊரார் கூடியிருந்தார்கள். பிரான்சிஸ் பணத்தைத் திருப்பிக் கொடுத்தார். அதோடு நிற்கவில்லை. உடுத்தியிருந்த உடைகளையும் கழற்றித் தந்தையின் முன் வைத்தார். இனிப் பரலோகத்தில் இருப்பவர் ஒருவரே தமக்குத் தந்தை என்று சொல்லிவிட்டு வெறும் உடம்போடு நின்றார். பிஷப் தம் மேலங்கியால் அவரைப் போர்த்தினார்.

நகரத்திலேயே நன்றாக உடுத்தியவர் முரட்டுத் துணி அங்கிக்கும் இடுப்பில் ஒரு கயிற்றுக்கும் வந்து சேர்ந்தார். கல் சுமந்து கோவிலைக் கட்டினார். சிலர் பைத்தியம் என்றார்கள். சிலர் அவரோடு சேர்ந்தார்கள். 1209-இல் அந்தச் சிறு கூட்டம் ரோமாபுரிக்கு நடந்து போயிற்று. போப்பாண்டவர் மூன்றாம் இன்னொசென்ட் அவர்களுடைய வாழ்க்கை முறைக்கு வாய்மொழியாக அனுமதி கொடுத்தார்.

அவர்கள் தங்களைச் சிறிய சகோதரர்கள் என்று சொல்லிக்கொண்டார்கள். கையால் உழைக்க வேண்டும், கூலியாகப் பணம் வாங்கக் கூடாது, உழைப்புக்குச் சோறு கிடைக்காவிட்டால் பிச்சை எடுக்கலாம் என்பது அவர்களுடைய விதி. அசிசிப் பிரபுக் குடும்பத்தைச் சேர்ந்த கிளாரா 1212-இல் இதே வழியில் துறவு பூண்டார். 1219-இல் சிலுவைப் போர் நடந்துகொண்டிருந்தபோது பிரான்சிஸ் எகிப்துக்குப் போனார். ஆயுதம் இல்லாமல் எதிர்ப்படைப் பாசறைக்குள் நுழைந்து சுல்தான் அல் காமிலைச் சந்தித்தார். சுல்தான் அவரை மரியாதையாக நடத்தித் திருப்பி அனுப்பினார்.

கிரேச்சோவில் ஓர் இரவு

பண்டிகைகளுக்கெல்லாம் மேலான பண்டிகையாக அவர் கொண்டாடியது கிறிஸ்துமஸ். காரணம் இதுதான். அகஸ்து ராயன் மக்கள் தொகைக் கணக்கெடுக்க உத்தரவிட்டதால், நிறைமாதக் கர்ப்பிணியான மரியாள் ஊர் விட்டு ஊர் வந்தாள். சத்திரத்தில் இடம் இல்லை. பிறந்த குழந்தையைத் துணியில் சுற்றி, மாடு தின்னும் தொட்டியில் கிடத்தினாள். உலகத்தைப் படைத்தவர் இடமில்லாத ஏழைகளில் ஒருவராக வந்து சேர்ந்தார் என்பதை நினைத்து நினைத்து உருகினார் பிரான்சிஸ்.

ஒரு கிறிஸ்துமஸ் அன்று சகோதரர்கள் சாப்பிட உட்கார்ந்திருந்தார்கள். அந்தத் தாய் அன்று பட்ட வறுமையை ஒரு சகோதரர் எடுத்துச் சொன்னார். உடனே பிரான்சிஸ் எழுந்தார். மேஜையை விட்டு விலகி, அழுதுகொண்டே வெறுந்தரையில் உட்கார்ந்து மீதி ரொட்டியைத் தின்றார்.

ஆனால் ஜனங்களுக்கு அந்த வறுமை எட்டாமலே போயிற்று. கோவிலில் பொன்னும் வெள்ளியும் மின்னின. பூசை லத்தீன் மொழியில் நடந்தது. குளிரில் நடுங்கிய குழந்தையைப் பாமரர்கள் எங்கே காண்பது? அதைக் கண்ணால் காணும்படி செய்ய வேண்டும் என்று பிரான்சிஸ் முடிவு செய்தார்.

1223-ஆம் ஆண்டு. ரியெத்தி பள்ளத்தாக்கில் கிரேச்சோ என்று ஒரு மலையூர். அங்கே ஜொவானி என்ற பிரபு அவருக்கு நண்பர். பண்டிகைக்கு ஏறக்குறைய 15 நாள் இருக்கும்போது அவரை அழைத்து, ஒரு தீவனத் தொட்டி, உலர்ந்த புல், ஒரு மாடு, ஒரு கழுதை ஆகியவற்றைத் தயார் செய்யச் சொன்னார்.

அன்று இரவு சுற்று வட்டாரத்து மக்கள் மெழுகுவர்த்தியும் தீவட்டியும் ஏந்தி மலையேறி வந்தார்கள். காடு முழுவதும் வெளிச்சம். தொட்டியில் புல் பரப்பியிருந்தது. பக்கத்தில் மாடும் கழுதையும் நின்றன. அதன் மேலேயே பூசை நடந்தது. பிரான்சிஸ் குருப்பட்டம் பெறாத தியாக்கோன். ஆகவே சுவிசேஷத்தைப் பாடிப் பிரசங்கம் செய்தார். பெத்லகேம் என்ற பெயரை உச்சரிக்கும்போது அவர் குரல் ஆட்டுக்குட்டி கத்துவதுபோல் குழைந்ததாம்.

பிரான்சிஸ் இறந்து சில ஆண்டுகளுக்குள் செலானோ ஊர் தாமஸ் என்ற சகோதரர் அவருடைய வாழ்க்கையை எழுதினார். அந்த இரவை அவர் விரிவாக வர்ணிக்கிறார். மாதா வேடமோ சூசையப்பர் வேடமோ யாரும் போட்டதாக அதில் இல்லை. குழந்தைச் சிலை வைத்ததாகவும் இல்லை. தொட்டி வெறுமையாக இருந்தது. வந்தவர்களில் ஒருவருக்கு மட்டும், தொட்டியில் ஒரு குழந்தை அசைவற்றுக் கிடப்பதும், பிரான்சிஸ் நெருங்கியதும் அது கண் விழிப்பதும் தெரிந்தனவாம். மறந்துபோயிருந்த குழந்தை ஜனங்களின் நெஞ்சில் மீண்டும் எழுந்தது என்று தாமஸ் அதற்குப் பொருள் சொல்கிறார்.

குருவிக்கும் பங்கு

கிறிஸ்துமஸ் அன்று பணக்காரர்கள் ஏழைகளுக்கு வயிறார உணவு கொடுக்க வேண்டும் என்பது பிரான்சிஸின் விருப்பம். மாட்டுக்கும் கழுதைக்கும் வழக்கத்தைவிட அதிகமாகத் தீவனம் வைக்க வேண்டும். சக்கரவர்த்தியைப் பார்க்க வாய்ப்புக் கிடைத்தால், அன்று தெருவெங்கும் தானியம் இறைக்கச் சட்டம் போடும்படி கேட்கப் போவதாகச் சொல்லி வந்தார். வானம்பாடிகளும் மற்றப் பறவைகளும் அன்று பசியோடு இருக்கக் கூடாதாம்.

கிரேச்சோவுக்குப் பிறகு அவர் மூன்று ஆண்டுகூட வாழவில்லை. 1224-இல் லா வெர்னா மலையில் தவம் இருந்தபோது ஏசுநாதரின் ஐந்து காயங்கள் அவர் உடலில் தோன்றியதாக அவருடைய சரித்திரம் கூறுகிறது. கண் நோய் முற்றிப் பார்வை மங்கியது. அந்த நிலையிலும் சூரியனைச் சகோதரனாகவும் தண்ணீரைச் சகோதரியாகவும் பாவித்துக் கடவுளைப் புகழ்ந்து பாடல் இயற்றினார்.

1226 அக்டோபர் 3-ஆம் தேதி மாலை, அசிசிக்கு அருகே போர்சியுங்குலாவில் அவர் காலமானார். வயது ஏறக்குறைய 44. சாவு நெருங்கியபோது தம் அங்கியைக் கழற்றி வெறுந்தரையில் கிடத்தச் சொன்னார். மடத்துத் தலைவர் ஓர் அங்கியைக் கொண்டுவந்து, இது இரவல்தான், உமக்குச் சொந்தமில்லை என்று சொல்லிக் கொடுத்தார். கடைசி நேரத்திலும் தமக்கென்று ஒரு துணிகூட இல்லை என்பதில் பிரான்சிஸுக்குப் பரம சந்தோஷம். 1228-இல் அவருக்குப் புனிதர் பட்டம் கொடுக்கப்பட்டது.

கிரேச்சோவில் அந்தத் தொட்டி இருந்த இடத்தில் கோவில் எழும்பியது. 2023-இல் அந்த இரவுக்கு 800 ஆண்டுகள் நிறைந்தன. இன்று குடில்களில் வண்ண விளக்குகள் எரிகின்றன, சிலைகள் பளபளக்கின்றன. அவற்றுக்கு அடியில் கொஞ்சம் வைக்கோல் மட்டும் மாறாமல் இருக்கிறது. அந்த வைக்கோலைக் காட்டத்தான் பிரான்சிஸ் குடில் அமைத்தார். சத்திரத்தில் இடம் கிடைக்காமல் வந்த விருந்தாளி அதன்மேல்தான் படுத்திருந்தார். இடம் இல்லாத ஒருவருக்கு அன்று இலை போடுகிற வீட்டில், குடில் கட்டாவிட்டாலும் கிறிஸ்துமஸ் உண்டு.